துடைத்த பல்

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. அது பாங்கிப் புத்தகத்தோடு சரி. கடைவீதியில் அவர் டச்சப். ஸ்டூடியோப் படியேறுகிறவர்கள் "டச்சப் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஏறுவார்கள். அவரும் "இருக்கேன், வாங்க" என்பார். கோபித்துக்கொண்டதே இல்லை. தொழிலே பெயராக அமைவது என்ன லேசில் கிடைக்கிற காரியமா?

படம் எடுப்பது அவருக்கு அரை வேலை. மிச்ச அரை வேலை, எடுத்த ஆளைப் படத்தில் சரிசெய்வது. வாலிபத்தில் சாய்வு மேஜையில் நெகட்டிவை வைத்து, பின்னால் விளக்கைப் போட்டு, ஊசிமுனையாகச் சீவிய பென்சிலால் ஊரார் முகப்பருக்களை ஒவ்வொன்றாக மறைத்தார். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பென்சில் போய் மவுஸ் வந்ததே தவிர, கையின் குணம் மாறவில்லை. மச்சம் போகும், மாறுகண் நேராகும், வழுக்கையில் கொஞ்சம் முடிகூட முளைக்கும். பாஸ்போர்ட்டுக்கு இவரிடம் படம் எடுத்துக்கொண்டு போன ஒரு மளிகைக்கடைக்காரரை, "உங்க தம்பி படம் வேண்டாம், உங்க படத்தைக் கொண்டு வாங்க" என்று ஆபீசில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மளிகைக்கடைக்காரர் சண்டைக்கு வரவில்லை. அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டிக்கொண்டார்.

கடைக்கு வெளியிலும் அந்தக் கை சும்மா இருக்காது. டீக்கடையில் அடுத்தவர் மேஜையைத் துடைத்துவிடுவார். பேசிக்கொண்டிருக்கிறவரின் சட்டைக் காலரில் ஒரு நூல் தொங்கினால் போதும், பேச்சு அவர் காதில் ஏறாது. நூலைப் பிடுங்கின பிறகுதான் ஏறும். சுத்தக்காரர் என்று ஊர் மெச்சியது. ஊருக்கு என்ன தெரியும்? அது சுத்தமே இல்லை, பயம். 'பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?' இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே அவர் பாதி ஆயுளை ஓட்டியிருந்தார்.

கல்யாணமாகி வெகுநாள் கழித்து ஒரு பெண் பிறந்தாள். மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. உள்ளே ஈறும் அண்ணமும் பிளந்திருந்தன. நர்ஸ் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது டச்சப் முதலில் செய்த காரியம், துணியின் ஓரத்தை இழுத்துக் குழந்தையின் வாயை மூடியதுதான். நர்ஸ் துணியைக் கீழே இறக்கிவிட்டாள். "குழந்தைக்குக் குளிரலீங்க" என்றாள். அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். டச்சப்புக்கு மட்டும் அது இன்றுவரைக்கும் மறக்கவில்லை.

அவர் மனைவிக்கு பஸ் கம்பெனியில் டிக்கெட் கவுண்டர் வேலை. கண்ணாடியில் இருக்கிற ஓட்டை வழியாக நாளெல்லாம் ஜனங்கள் அவளைப் பார்த்துக் கத்துவார்கள், அவளும் அதே ஓட்டை வழியாகத் திருப்பிக் கத்துவாள். அப்பேர்ப்பட்டவள் மகளைப் பார்த்து அழவில்லை. "சின்னதா இருந்தாலும் காரமா இருப்பா பாருங்க" என்று மிளகு என்று கூப்பிட ஆரம்பித்தாள். மிளகுக்கு உதட்டைத் தைத்தார்கள். அப்புறம் அண்ணத்தை மூடினார்கள். பேச்சு மூக்கால்தான் வந்தது. ஆனால் வர ஆரம்பித்தது நிற்கவே இல்லை.

ஸ்டூடியோ வாசலில் ஒரு கண்ணாடி ஷோகேஸ் உண்டு. தெருவில் உள்ள அத்தனை குழந்தைகளும் அதில் சிரித்துக்கொண்டிருந்தார்கள், மிளகு தவிர. யாராவது கேட்டால், "உக்காந்தாத்தானே எடுக்கறதுக்கு? ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கறா" என்று பூசி மெழுகுவார். பொய். பிறந்தநாள் தவறாமல் அவளை உட்காரவைத்து எடுத்தார். எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து தழும்பை அழித்தார், சப்பையான மூக்குத்துவாரத்தைத் தூக்கினார், உதட்டை வில்லாக வளைத்தார். சரிசெய்த படத்தைப் பழைய படத்தின் மேலேயே சேமித்தார். முதல் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மனைவி வெகுநேரம் பார்த்துவிட்டு, "யாருங்க இந்தப் பொண்ணு?" என்று கேட்டாள். வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று நினைத்து டச்சப் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. படத்தை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

விவரம் தெரிந்த பிறகு மிளகும் ஒருமுறை கேட்டாள். "ஏம்ப்பா, ஃபோட்டோவுல இருக்கிறவளுக்கு என் சட்டையை யாரு குடுத்தா?" அதற்கு டச்சப் என்ன பதில் சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. மிட்டாய் வாங்கிக் கொடுத்தது மட்டும் நினைவிருக்கிறது.

மிளகுக்கு ஒன்பது வயதானபோது, ஆஸ்பத்திரியில் அவளைத் தொடக்கத்திலிருந்து பார்த்துவந்த பல் டாக்டரம்மா மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசினார். உதடு தைத்தாயிற்று, அண்ணம் மூடியாயிற்று. ஆனால் மேல் ஈறுக்குள் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. மேலே காத்திருக்கும் நிரந்தரப் பல் இறங்கிவர அங்கே எலும்பு வேண்டும்.

"வழக்கமா இடுப்பெலும்புல கொஞ்சம் எடுத்து இங்க வைப்போம்" என்றார் டாக்டரம்மா. "அது நல்ல வைத்தியம்தான். ஆனா இடுப்பு வலிக்கும், கொஞ்ச நாள் நொண்டி நடப்பா. இப்ப இங்க ஒரு ஆராய்ச்சி நடக்குது. பால்பல்லுக்கு உள்ள கூழ் மாதிரி கொஞ்சம் சதை இருக்கும். அதுல ஸ்டெம் செல் இருக்கு. தான் என்னவா ஆகணும்னு இன்னும் முடிவு பண்ணாத செல்லு. அதை லேப்ல வளர்த்துப் பெருக்கி, பஞ்சு மாதிரி ஒண்ணுல ஏத்தி, இந்தப் பள்ளத்துல வச்சா எலும்பா மாற வாய்ப்பிருக்கு. கண்டிப்பா மாறும்னு சத்தியம் பண்ண மாட்டேன். மாறினா இடுப்பைத் தொடவே வேண்டாம்."

"அப்ப என் பல்லுதான் எனக்கு எலும்பா?" என்றாள் மிளகு.

"உன் பல்லுதான்."

அன்றிலிருந்து மிளகைக் கையில் பிடிக்க முடியவில்லை. பள்ளிக்கூட வேனில் பக்கத்தில் உட்காருகிற சிநேகிதி ஒருத்தி உண்டு, ஸ்டூடியோவுக்கு மேலே மாடியில் இருந்த இவர்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி. ரெட்டைச்சடை என்பது மிளகு அவளுக்கு வைத்த பெயர். அவளிடம் படிக்கட்டில் நின்று பெருமை அடித்துக்கொண்டாள். "உங்க பல்லெல்லாம் விழுந்தா குப்பைக்குப் போகும். என் பல்லு வேலைக்குப் போகும்டி." கீழே ஸ்டூடியோவில் இருந்த டச்சப்புக்கும் அது கேட்டது. தன்னையறியாமல் சிரித்துக்கொண்டார். மகள் வாயைப் பற்றி ஒருத்தி பெருமையாகப் பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. பேசினதும் அவளேதான்.

கீழ்த்தாடையில் இரண்டு பக்கக் கோரைப்பற்களும் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்று நன்றாகவே ஆடியது. அடுத்த வாரம் வந்தால் தானே எடுத்துவிடுவதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதற்குள் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று இளஞ்சிவப்புத் திரவம் நிரப்பிய ஒரு சின்ன பாட்டிலையும் கொடுத்திருந்தார். "இதுல போட்டு, ஐஸ் பெட்டியில வச்சு, அன்னைக்கே கொண்டாந்துடுங்க. கழுவக்கூடாது. ரத்தம் கித்தம் இருந்தாலும் அப்படியே போடணும்." வீட்டுக்கு வந்ததும் மனைவி அதை டச்சப்பின் வாயாலேயே ஒருமுறை சொல்லவைத்துக் கேட்டாள். கவுண்டரில் மாறிப்போகிற ஊர்ப் பெயரை ஜனங்களின் வாயால் சொல்லவைத்துக் கேட்கிறவள் அவள். டச்சப் ஒப்பித்தார். "கழுவக்கூடாது. அப்படியே போடணும்."

பல், பள்ளிக்கூட விடுமுறை நாளொன்றில் விழுந்தது. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். ஸ்டூடியோவின் சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டே மிளகு ஒரு கொய்யாக்காயைக் கடித்தாள், பல் காயோடு போய்விட்டது. "அப்பா, வேலைக்குப் போற ஆளு வந்தாச்சு" என்று காயோடு நீட்டினாள்.

மாடியில் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் பாட்டில் இருந்தது. ஏறி எடுத்துவர எவ்வளவு நேரம் ஆகும்? டச்சப்பும் ஏறி எடுத்துத்தான் வந்தார். ஆனால் பல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது அவருக்கு ஒரு ஆசை வந்தது. எலும்பாகப் போகிற பல். ஒரு படம் எடுத்து வைத்தால் என்ன? கறுப்பு வெல்வெட் துணியை விரித்தார், விளக்குகளைப் போட்டார், லென்ஸ் வழியாகப் பார்த்தார். பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. ஒரு பக்கம் ரத்தம், ஒரு பக்கம் மஞ்சள் கறை, கொய்யாத் தோல் வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. லேபில் படித்தவர்கள் இதைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். பிள்ளைக்குப் பல்கூடத் தேய்த்துவிடாத குடும்பம் என்று நினைக்க மாட்டார்களா?

லென்ஸ் துடைக்கிற ஸ்பிரிட் கைக்கெட்டின தூரத்தில்தான் இருந்தது.

"கழுவக்கூடாதுன்னாங்களே" என்றாள் மிளகு.

"கழுவலம்மா. தொடைக்கத்தானே செய்யறேன்."

பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ரத்தத்தை எடுத்தார். கறையை எடுத்தார். வேர்ப்பக்கம் குழிவாக இருந்தது. அந்தக் குழிக்குள்ளிருந்து சிவப்பாக, நூல்போல, ஒரு துளி சதை தொங்கியது. நூல் தொங்கினால் விடுகிற ஆளா அவர்? இடுக்கியால் பிடித்து இழுத்தார். சுலபமாக வந்துவிட்டது. குழியையும் ஒருமுறை ஸ்பிரிட்டால் சுற்றி எடுத்தார். படம் பிரமாதமாக வந்தது. முத்து தோற்றது போங்கள். பிறகு பல்லைப் பாட்டிலில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, மிளகையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்தார்.

சில வாரம் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டார். மூன்று பேரும் போனார்கள்.

"லேப்ல எதுவும் வளரல" என்றார் டாக்டரம்மா. "பல்லுக்கு உள்ள சதையே கிடைக்கல, காஞ்சு போயிருந்துச்சுன்னு சொல்றாங்க. விழுந்த பல்லு அப்படியேதானே பாட்டிலுக்குள்ள போச்சு?"

சதை என்ற சொல் காதில் விழுந்ததுமே டச்சப்புக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இடுக்கியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்ததைச் சுண்டிக் குப்பைக்கூடையில் போட்டது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வாயோ அவரைக் கேட்காமல் முந்திக்கொண்டது. "அப்படியேதாங்க போட்டேன்."

மிளகு அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன் செருப்பைப் பார்த்தாள்.

"சில குழந்தைங்களுக்கு இப்படி ஆகறது உண்டு" என்றார் டாக்டரம்மா. "செல்லுல வீரியம் இருக்காது. யாரும் வருத்தப்பட ஒண்ணுமில்ல. இன்னொரு கோரைப்பல்லு இருக்குதான். ஆனா ஒழுங்கா வந்து சேர்ந்த பல்லுல வளரலேன்னா அந்தக் குழந்தைக்கு மறுபடி முயற்சி பண்றதில்லேன்னு ஆராய்ச்சியில ஒரு விதி. வழியில பல்லு கெட்டுப்போயிருந்தா அது வேற. நாம இடுப்பெலும்பையே எடுத்துக்கலாம்."

வாயைத் திறந்து ஒரு வரி சொன்னால் போதும், மகளுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. டச்சப்புக்கு அது தெள்ளத்தெளிவாகப் புரிந்தது. ஆனால் சொன்ன பொய்யின் ஈரம்கூடக் காயவில்லை. பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். ஒப்பித்துக் காட்டச் சொன்னவள். இப்போது வேண்டாம், நாளைக்குத் தனியாக வந்து டாக்டரம்மாவிடம் காதும் காதும் வைத்தாற்போல் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். நாளை வந்தது. அடுத்த நாளும் வந்தது. அவர் போகவில்லை.

மனைவியிடமாவது சொல்லிவிடலாம் என்று ஒருநாள் சாப்பாட்டின்போது வாயெடுத்தார். "என்னங்க?" என்றாள் அவள். "ஒண்ணுமில்ல, உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஒரு சாயங்காலம் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தார். படிக்கட்டில் பேச்சுக் குரல் கேட்டது.

"உன் பல்லு வேலைக்குப் போயிடுச்சா?" என்றாள் ரெட்டைச்சடை.

"இல்லடி. அதுக்கு வீரியம் இல்லையாம்" என்றது மிளகின் மூக்குக் குரல். "என் வாயில எதுவுமே சரியா வராது. பல்லு மட்டும் எப்படி வரும்?"

டச்சப்பின் கத்தரி யாரோ ஒருவரின் நெற்றியைக் குறுக்காக வெட்டிவிட்டது. எழுந்துபோய் "இல்லடா கண்ணு" என்று சொல்லியிருக்கலாம். கடைவீதியே மெச்சுகிற ஆள், தன் கடைக்குள்ளேயே கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷமும் மகளின் வாயை நினைத்து வெட்கப்பட்டார். இப்போது அந்த வெட்கம் அவர் பக்கமே திரும்பியிருந்தது. இந்த வெட்கம்தான் உண்மையானது, முன்னால் பட்டதெல்லாம் வெறும் பம்மாத்து என்று அவருக்கே தெரிந்தது. மிளகு அன்று அவர் பல்லைத் துடைப்பதைப் பார்த்தவள். அதனால்தான் கெட்டது என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? கேட்டுப் பார்க்கவும் தைரியம் இல்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் ஒருமுறை வரச் சொன்ன டாக்டரம்மா, மிளகின் பழைய படங்கள் வேண்டும் என்றார். பிறந்ததிலிருந்து உதடும் மூக்கும் எப்படி இருந்தன என்பதற்கு ஆஸ்பத்திரியில் சேர்த்துவைக்க வேண்டுமாம். "உங்களுக்குச் சொல்லவா வேணும், நீங்களே ஃபோட்டோக்காரர்" என்று சிரித்தார். "அவர்கிட்ட கொட்டிக் கிடக்குங்க" என்றாள் மனைவி. அவள் சிரிக்கவில்லை.

டச்சப் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டுத் தேடினார். கம்ப்யூட்டரில் தேடினார், பழைய சி.டி. தட்டுகளில் தேடினார். பிறந்தநாள் பிறந்தநாளாக அந்தப் பெண் வந்துகொண்டே இருந்தாள், வில்லுதடும் நேர்மூக்குமாக, மிளகின் சட்டைகளைப் போட்டுக்கொண்டு. மிளகு ஒன்றில்கூட இல்லை. அசல் எதுவும் மிஞ்சவில்லை, எல்லாவற்றின் மேலும் அவர் கையாலேயே எழுதி அழித்திருந்தார். வேறு வழி தெரியாமல் அந்தப் படங்களையே ஒரு உறையில் போட்டுக்கொண்டு போனார்.

டாக்டரம்மா படங்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிமிர்ந்து மிளகைப் பார்த்தார். மறுபடியும் படங்களைப் பார்த்தார்.

"இது யாருங்க?"

"நானும் அதைத்தாங்க கேட்டேன்" என்றாள் மனைவி.

டச்சப்பின் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரம்மா ஒரு படத்தைக் கையில் எடுத்து, அதில் இருந்த வழுவழுப்பான உதட்டின் மேல் விரலை வைத்தார். ஏதோ யோசித்தார். "அந்தப் பல்லு வந்தப்ப லேப்ல ஒரு வார்த்தை சொன்னாங்க. இவ்வளவு பளபளப்பா ஒரு பல்லு இதுவரைக்கும் வந்ததில்லேன்னு. நான் அப்ப அதைக் காதுல வாங்கல."

அப்போது மிளகு பேசினாள்.

"நான்தான் கழுவினேன். அப்பாவுக்குத் தெரியாது. குழாய்ல காட்டிக் கழுவிட்டுக் குடுத்தேன்."

சொல்லிவிட்டு மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளை. காது சிவந்துவிட்டது.

அந்த ஒரு கணம் டச்சப்புக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் அவரைப் பற்றிச் சொன்னது எதுவும் கணக்கில் வராது. தப்பித்தோம் என்று அவருடைய நெஞ்சு ஒருமுறை இறங்கி ஏறியது. ஒன்பது வயதுப் பிள்ளை முன்னால் வந்து நிற்க, பின்னால் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்ததென்று அந்த நெஞ்சு மகிழ்ந்தது. அடுத்த கணமே அது அவருக்குத் தெரிந்தும்விட்டது. தெரிந்ததும் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

"அவ கழுவலீங்க" என்றார். குரல் அவர் குரலாக இல்லை. "கழுவக்கூடாதுன்னு அவ சொன்னா. நான்தான் கேக்கல. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். உள்ள ஒரு சதை தொங்கிச்சு, அதையும் பிடுங்கிட்டேன். படம் எடுக்கறதுக்கு நல்லா இருக்கணும்னு. அன்னைக்கு நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன்."

டாக்டரம்மா கையிலிருந்த படத்தை மேஜையில் வைத்தார். "அந்தச் சதைக்காகத்தாங்க நாங்க இத்தனை பேர் மாரடிச்சிட்டு இருக்கோம்" என்றார். "அன்னைக்கே சொல்லியிருந்தா இந்தப் பிள்ளை இவ்வளவு நாள் இதைச் சுமந்திருக்காதே."

டச்சப் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா போனை எடுத்து லேபுக்குப் பேசினார். ஆபரேஷன் நாளைத் தள்ளிவைத்தார். இன்னொரு கோரைப்பல்லைத் தானே எடுப்பதாகவும், பாட்டிலை வீட்டுக்குக் கொடுத்தனுப்பப் போவதில்லை என்றும் சொன்னார்.

திரும்பி வரும்போது மனைவி மிளகின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். டச்சப் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். வீட்டுக்கு வந்து, மிளகு உடை மாற்ற உள்ளே போன பிறகுதான் மனைவி வாயைத் திறந்தாள். கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை.

"நீங்க துடைச்சதைக்கூட நான் விட்டுடுவேன்" என்றாள். "குழந்தை உங்களுக்காகப் பொய் சொல்லிச்சு. நீங்க வெட்கப்படக் கூடாதுன்னு. இவ்வளவு நாள் நீங்க எதுக்கு வெட்கப்பட்டீங்கன்னு அதுக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க?"

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். டச்சப் வெகுநேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் தண்ணீர் சிந்தியிருந்தது. அவர் துடைக்கவில்லை.

இரண்டாவது பல்லை எடுத்த அன்று அவரை யாரும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லவில்லை. அவராகவே வெளியே நடையில் நின்றுகொண்டார். பாட்டிலை மனைவி பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மிளகு வாயில் பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்தாள். மோவாயில் ரத்தம் வழிந்திருந்தது. டச்சப்பின் கை தன்னால் சட்டைப்பையில் இருந்த கைக்குட்டைக்குப் போனது. பாதி எடுத்தவர், தானே துடைத்துவிடாமல் மடித்தபடி அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி, வேண்டிய அளவு துடைத்துக்கொண்டு, வேண்டாத அளவை விட்டுவிட்டாள்.

மறுபடியும் வாரங்கள் போயின. அந்த நாட்களில் டச்சப் ஒரு காரியம் செய்தார். மிளகைக் கேட்காமலேயே அவளைப் போனில் ஒரு படம் எடுத்து, எதையும் திருத்தாமல், பெரிதாகப் போட்டு ஷோகேஸின் நடுவில் வைத்தார். பரிகாரம் செய்துவிட்டதாக ஒரு நினைப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்த மிளகு கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். "என்னைக் கேட்டீங்களா?" என்றாள். "அப்ப மறைக்கறப்பவும் கேக்கல, இப்ப காட்டறப்பவும் கேக்கல." படத்தை எடுக்கச் சொல்லிவிட்டு மாடியேறிப் போய்விட்டாள். அவர் அப்போதே எடுத்தார். மளிகைக்கடைக்காரர் எதிரிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். லேபில் வேலை செய்கிற பெண் மிளகை ஸ்டூலில் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கவைத்தாள். மிளகு ஒற்றைக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "நீளநீளமா இருக்கு. மீன்குஞ்சு மாதிரி. ஒண்ணை ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு."

"எல்லாம் உன்னோடதுதான்" என்றாள் அந்தப் பெண். "கிண்ணத்துல போட்டதும் அடியைப் பிடிச்சிக்கிச்சு. இவ்வளவு வேகமா வளர்றதை நான் பார்த்ததில்ல. இனிமே இதை எலும்பாக்கணும், அதுக்குக் கொஞ்சம் பொறுமை வேணும்."

மிளகு கண்ணை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் திருப்பி டச்சப்பைப் பார்த்தாள்.

"அப்ப முதல் பல்லும் நல்ல பல்லுதானா?"

"நல்ல பல்லுதாம்மா."

"அதுலயும் இப்படி இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும். நான்தான் கெடுத்துட்டேன்."

மிளகு ஸ்டூலிலிருந்து இறங்கினாள். "நான் ரெட்டைச்சடைகிட்ட அதுக்கு வீரியம் இல்லேன்னு சொல்லிட்டேன். அவ வேன்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. நான் இப்பப் போய் மாத்திச் சொன்னா நம்ப மாட்டா. நீங்களே சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார் டச்சப்.

மறுநாள் காலை ஸ்டூடியோ திறக்கும் முன்பே வேன் நிற்கிற இடத்துக்குப் போய் நின்றார். ரெட்டைச்சடை பையைச் சுமந்துகொண்டு வந்தாள். இன்னும் நாலைந்து பிள்ளைகளும், கொண்டுவிட வந்த பெரியவர்களும் நின்றார்கள். அவர்களில் பாதிப்பேர் அவரிடம் படம் எடுத்துக்கொண்டவர்கள். மிளகு கொஞ்சம் தள்ளி நின்று, செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். டச்சப்புக்கு டாக்டரம்மா முன்னால் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது.

"பாப்பா, மிளகோட பல்லு இருக்கில்ல, முதல்ல விழுந்தது. அது நல்ல பல்லும்மா. அதுல எந்தக் குறையும் இல்ல. நான்தான் அதைத் துடைச்சுக் கெடுத்துட்டேன்."

பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரெட்டைச்சடை அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நல்ல பல்லுன்னா எதுக்கு அங்கிள் துடைச்சீங்க?"

எல்லாவற்றுக்கும் பதில் யோசித்து வைத்துக்கொண்டு வந்தவர் இதற்கு மட்டும் யோசிக்கவில்லை. மண்ணைக் கிளறுகிற சத்தம் நின்றுவிட்டிருந்தது. மிளகும் பதிலுக்காகத்தான் நிற்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்களோன்னு வெட்கப்பட்டேம்மா" என்றார்.

வேன் வந்தது. பிள்ளைகள் ஏறினார்கள். மிளகு கடைசியாக ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அவரைப் பார்த்தாள். கையசைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.